எபிரேய மாமாவும் கிரேக்க மாமாவும் ஒரே வீட்டில் ஒரு வாரம்: எதைப் பேசினால் சண்டை வராது?

செம்பூர் மருமகள்:

என் மாமனார் ரயில்வேயில் கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் ஓய்வு பெற்ற மற்றவர்கள் காலையில் நடக்கப் போகிறார்கள், பேரனைப் பள்ளியில் விடுகிறார்கள், சொசைட்டி செயலாளரோடு தண்ணீர்த் தொட்டி விஷயமாக வாக்குவாதம் செய்கிறார்கள். இவர் பைபிளின் பழைய ஏற்பாட்டு மொழியான எபிரேயம் படிக்க உட்கார்ந்தார். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டோம். என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் கூடத்து ஷோகேஸிலிருந்து வெளியேறி, அந்த இடத்தில் அகராதிகள் குடியேறிய பிறகுதான் இது பொழுதுபோக்கு இல்லை என்று புரிந்தது.

முதலில் வந்தது வினைச்சொல் பாடம். எபிரேய இலக்கணப் புத்தகங்களில் மாதிரி வினையாக வைத்திருப்பது ‘கொல்’ என்பதாம். வேத பாஷை படிக்க வருகிறவருக்கு ஆரம்பப் பாடமே கொலை. மாமா விடிவதற்கு முன்பே பால்கனியில் நடந்துகொண்டு “காத்தல், காத்லா, காத்தல்தா, காத்தல்தி” என்று உரக்க ஒப்பிப்பார். அவன் கொன்றான், அவள் கொன்றாள், நீ கொன்றாய், நான் கொன்றேன். அடுப்படியில் இருந்த அத்தைக்கு ‘காத்தல்’ என்பது மட்டும் காதில் விழும். இரவெல்லாம் கர்த்தர் காத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்கிறார் என்று நினைத்து, பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். கீழ் வீட்டில் இருப்பவர் மராட்டிப் பாட்டி. மராட்டியில் ‘கத்தல்’ என்றால் வெட்டிச் சாய்ப்பது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். மாமா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இந்த வினை வேதாகமத்தில் மூன்றே இடத்தில்தான் வருகிறது, இலக்கணக்காரர்கள்தான் இதைப் பெரிதாக்கிவிட்டார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று ஹிந்தியில் விளக்கினார். பாட்டி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சமாதானமாகப் போனார். வாட்ச்மேன் மட்டும் இன்றுவரை மாமாவைக் கண்டால் எழுந்து நின்றுவிடுகிறார்.

அதற்குப் பிறகு மாமா மசோரேத்தியர்களைக் கண்டுபிடித்தார். உயிர்க்குறி இல்லாமல் வெறும் மெய்யெழுத்தாகக் கிடந்த எபிரேய வேதாகமத்துக்குப் புள்ளியும் கோடும் இட்டுப் படிக்கும் முறையை நிலைநிறுத்திய பழைய பண்டிதர்கள் இவர்கள். ஒவ்வொரு நூலின் முடிவிலும் மொத்தம் எத்தனை வசனம் என்று கூட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆதியாகமம் 1534. எங்கள் மாமா அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். “பார் அம்மா, பக்கத்துக்குப் பக்கம் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாத குறைதான்” என்றார். அன்று வீட்டில் கேசரி.

கேசரியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர்கள் ஐந்தாகமத்தின், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களின், நட்டநடு எழுத்து எது என்றும் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில், வயிற்றால் ஊர்ந்து போகும் பிராணிகளைச் சொல்லும் 42ஆம் வசனத்தில் வருகிற ஒரு ‘வாவ்’ எழுத்து. ஏடுகளில் அதை மட்டும் பெரிதாக எழுதுவார்கள். இன்றைக்கு அச்சில் உள்ள ஐந்தாகமத்தில் மொத்தம் 3,04,805 எழுத்துகள். அதைப் பாதியாக்கி எண்ணிக்கொண்டு போனால் அந்த வாவ் நடுவில் இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மாமாவுக்கு இது தெரிந்த இரவில் சாப்பாடு இறங்கவில்லை. கட்டம் போட்ட நோட்டு வாங்கி வந்து, தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார். நோட்டு இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரைக்கும் நான் சமாளித்துவிட்டேன். இனி வருவதுதான் கேள்வி.

மாமாவின் பால்ய நண்பர் ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறார். கப்பல் என்ஜினியராக இருந்தவர். கிரேக்கக்காரர்களின் கப்பல்களில் வேலை பார்த்து, அந்த மாலுமிகளிடமே பாஷையைப் பிடித்துக்கொண்டார். இப்போது புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில்தான் படிக்கிறார். வீட்டில் எங்களுக்கு அவர் கிரேக்க மாமா. என் மாமாவும் எபிரேயத்தோடு நிற்காமல் ஒரு புத்தகத்தை வைத்துக் கிரேக்கம் கற்றிருக்கிறார். புத்தகத்தில் ஒரு உச்சரிப்பு, மாலுமிகள் வாயில் ஒரு உச்சரிப்பு. ‘உம்’ என்ற பொருளில் வரிக்கு வரி வரும் ஒரு சின்னச் சொல்லை மாமா ‘கை’ என்பார், அவர் ‘கே’ என்பார். போன முறை அவர் வந்திருந்தபோது குடும்ப ஜெபத்தில் இருவரும் சேர்ந்து யோவான் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் வாசிப்பதாக ஏற்பாடு. ஆதியிலே வார்த்தை இருந்தது. அடுத்த நொடியே வார்த்தை தடித்துவிட்டது. முதல் வசனத்தைத் தாண்டவே இல்லை. மீன் குழம்பு ஆறிப்போனது. என் மகன் ‘கை’க்கு ஒரு கையும் ‘கே’க்கு ஒரு கையும் தூக்கி அடி வாங்கினான்.

டிசம்பரில் அவர் மறுபடி வருகிறார். ஒரு வாரம் தங்கல். எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு, ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. இந்தப் பண்டிதர்களோடு பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள். எந்த விஷயத்தை எடுத்தால் சண்டை வராது? எதை எடுக்கவே கூடாது? தயவு செய்து சொல்லுங்கள்.


பாதியில் விட்டவன்:

சகோதரி, நான் பெங்களூரில் இறையியல் படிக்கப் போய் எபிரேயத் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது முலுண்டில் இன்ஷூரன்ஸ் வேலை. ஆபத்தைக் கணக்கிடுவதே தொழில் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனாவின் பக்கமே போகாதீர்கள். மீனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பிரச்சினை செடியில் இருக்கிறது. யோனாவுக்கு நிழல் கொடுக்க ஒரே இரவில் முளைத்ததே, அந்தச் செடி என்ன செடி என்பதில் வந்த சண்டைக்கு வயது 1600 ஆண்டுக்கு மேல். அதுவரை லத்தீனில் அது சுரைக்கொடியாக இருந்தது. பெத்லகேமில் உட்கார்ந்து எபிரேயத்திலிருந்து நேராக லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் அதை வேறொரு படர்கொடியாக மாற்றிவிட்டார். இன்றைய லிபியாவில் திரிப்போலி இருக்கும் இடத்தில், அன்றைக்கு ஓயா என்று பெயர், ஒரு பிஷப் அந்தப் புது மொழிபெயர்ப்பை ஆலயத்தில் வாசித்தார். சபையில் ஒரே அமளி. தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்று கேட்டுப் பழகியவர்கள் ஒத்துக்கொள்வார்களா? ஆள் இல்லாத ஆலயத்துக்கு பிஷப்பாக இருக்க வேண்டிவருமோ என்று பயந்து அவர் திருத்திக்கொண்டார். 403இல் வட ஆப்பிரிக்க பிஷப் அகஸ்டின் இதையெல்லாம் ஜெரோமுக்குக் கடிதமாக எழுதினார். ஜெரோம் சும்மா இருப்பவரா? அவர் எழுதிய பதிலில் செடியின் இலை அகலம், தண்டு எல்லாம் வருகிறது. இரண்டு புனிதர்கள், ஒரு கொடி.

நம் தமிழ் வேதாகமத்தில் ஆமணக்கு என்று இருக்கிறது. உங்கள் இரண்டு மாமாக்களும் தென்மாவட்டத்துக்காரர்கள், ஆமணக்கை நேரில் பார்த்தவர்கள். ஆமணக்கு நிழலில் ஒரு ஆள் உட்கார முடியுமா என்று ஒருவர் கேட்டால் போதும், உங்கள் டிசம்பர் முடிந்தது.

அகராதியைப் பற்றியும் கேலி செய்யாதீர்கள். மாணவர்கள் கையில் அதிகம் புழங்கும் பழைய எபிரேய அகராதி 1906இல் வந்தது. அதில் சொற்கள் அகர வரிசையில் நேராக இருக்காது, வேர்ச்சொல்லின் கீழே இருக்கும். ஒரு சொல்லின் பொருள் தெரிய வேண்டுமென்றால் அதன் வேர் தெரிய வேண்டும். வேர் தெரிந்தவனுக்குப் பொருளும் பாதி தெரிந்திருக்கும். தெரியாதவன் தேட முடியாது, தெரிந்தவனுக்குத் தேடத் தேவை இல்லை. எபிரேய வேதாகமத்தின் ஆராய்ச்சிப் பதிப்பை வாங்கினால் அடிக்குறிப்பெல்லாம் லத்தீன் சுருக்கெழுத்து. அதை விளக்கும் பழைய நூல்கள் ஜெர்மனில். நான் ஏன் இன்ஷூரன்ஸுக்கு வந்தேன் என்று இப்போது புரிகிறதா?

இருவருக்கும் ஒத்துப்போகக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. அடுத்த பண்டிதர் சறுக்கிய கதை. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அவசர அவசரமாக அச்சிட்டபோது, கையில் இருந்த ஏட்டில் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசித் தாள் இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கமாக்கிச் சேர்த்துவிட்டார். எந்தக் கிரேக்க ஏட்டிலும் இல்லாத சொற்கள் இப்படித்தான் உள்ளே நுழைந்தன. இதைச் சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.


செம்பூர் மருமகள்:

எராஸ்மஸ் வேண்டாம் அண்ணா. மாமா படிக்கும் அந்தப் புத்தக உச்சரிப்புக்குப் பெயரே எராஸ்மஸ் உச்சரிப்புதானாம். கிரேக்க மாமா அந்தப் பெயரைச் சொன்னாலே தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். ஆமணக்கைக் குறித்துக்கொண்டேன். பாத்ரூமில் இருக்கும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்து மறைத்துவிடுகிறேன்.


தோகை மயில்:

சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் மயில் போனது நம் நாட்டிலிருந்துதான். எபிரேயத்தில் மயிலுக்கு உள்ள பெயரே நம் ‘தோகை’தான். இதைப் பேசச் சொல்லுங்கள். இருவரும் தமிழர்கள்தானே? நெஞ்சு நிமிரும்.


பாதியில் விட்டவன்:

தோகை மயில் அவர்களே, இதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்திலேயே எழுதிவிட்டார். அன்றிலிருந்து எபிரேயம் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் ஒரு தமிழ் மாணவனிடமிருந்து இதைக் கேட்காமல் தப்பியதில்லை. என் பேராசிரியர் வகுப்பின் முதல் நாளே கரும்பலகையில் ஒரு மயிலை வரைந்துவிட்டு, “கேட்டாயிற்று, உட்காருங்கள்” என்பார்.


ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

மன்றத்தில் நடக்கும் உரையாடலைக் கவனித்தேன். தொனி சற்று இலேசாக இருக்கிறது. பரவாயில்லை. ஆனால் சில விவரங்களை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

ஆதியாகமம் 1534 வசனம் என்று சகோதரி எழுதியிருக்கிறார். மசோரேத்தியர் குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஆங்கில வேதாகமத்தை எடுத்து அதிகாரம் அதிகாரமாகக் கூட்டினால் 1533தான் வரும். 35ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனத்துக்கு நடுவே எபிரேய ஏடுகளில் ஒரு இடைவெளி உண்டு. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதில் இந்த வித்தியாசம். தங்கள் மாமனார் தணிக்கையாளர் என்பதால் இதை அவருடைய கவனத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, ‘கை’யா ‘கே’யா என்பது வீட்டுச் சண்டை அல்ல. எராஸ்மஸ் 1528இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒரு சிங்கமும் ஒரு கரடியும் உட்கார்ந்து கிரேக்க உச்சரிப்பைப் பற்றி விவாதிப்பதாக அமைத்திருக்கிறார். பாத்திரத் தேர்வு பொருத்தமானது என்பது என் கருத்து. கேம்பிரிட்ஜில் இளம் ஆசிரியர்கள் சிலர் புதிய உச்சரிப்பைக் கற்பிக்கத் தொடங்கியதும், பல்கலைக்கழக வேந்தராக இருந்த பிஷப் கார்டினர் 1542இல் அதற்குத் தடை போட்டார். மீறும் பெரியவர்களுக்குப் பல்கலைக்கழக ஆட்சி மன்றத்திலிருந்து நீக்கம், மாணவர்களுக்குப் பிரம்படி. ஒரு உயிரெழுத்துக்காக அடி வாங்கிய பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள் என்று பேரனுக்குச் சொல்லுங்கள். ஆறுதலாக இருக்கும்.

கிரேக்க மாமா சொல்வதிலும் நியாயம் உண்டு. அது உயிரோடு உள்ள மொழி, பேசுகிறவர்கள் பேசுகிறபடிதான் அவர் பேசுகிறார். தங்கள் மாமனார் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெவ்வேறாக எழுதப்படும் பல உயிர்கள் இன்றைய கிரேக்கத்தில் ‘ஈ’ என்ற ஒரே ஒலியில் வந்து முடிகின்றன. எழுத்தைக் காதால் பிரித்தறியச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு அது சிரமம். முதல் நூற்றாண்டில் எப்படி ஒலித்தது என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு விடை இருவருக்கும் முழுதாகச் சாதகமாக இருக்காது. வேண்டுமானால் அதைத் தனியே எழுதுகிறேன்.


செம்பூர் மருமகள்:

ஐயா, உங்கள் காலில் விழுகிறேன். அந்த 1533 மட்டும் மாமா கண்ணில் படவே கூடாது. வாவுக்கே நோட்டு இன்னும் முடியவில்லை. மூன்றாவது கேள்வியையும் தயவு செய்து எழுதாதீர்கள்.


பாதியில் விட்டவன்:

சரி, எராஸ்மஸ் போகட்டும். லத்தீனைப் பிடியுங்கள். உங்கள் வீட்டில் எபிரேயத்துக்கு ஒருவர், கிரேக்கத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள். லத்தீனுக்கு ஆள் இல்லை அல்லவா? ஸ்பெயினில் அல்காலா என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மொழிகளில் வேதாகமம் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டுப் பக்கத்தில் நடுவில் லத்தீன், ஒரு பக்கம் எபிரேயம், மறுபக்கம் கிரேக்கம். முன்னுரையில், இது இரண்டு கள்வர்களுக்கு நடுவே கிறிஸ்து தொங்குவதைப் போல என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சடித்ததும் அவர்களே, வைததும் அவர்களே. உங்கள் இரண்டு மாமாக்களும் அந்தப் பக்கத்தில் கள்வர்கள்தான் என்று சொல்லிப் பாருங்கள். கோபத்தில் ஒன்றாகிவிடுவார்கள்.

இல்லையென்றால் சாக்கடல் சுருள்கள். சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த மிகப் பழைய ஏடுகள். 1947இல் கிடைக்கத் தொடங்கின. அவற்றில் நான்கை எருசலேமின் சிரிய ஆர்த்தடாக்ஸ் சபைப் பேராயர் அமெரிக்காவுக்கு எடுத்துப்போய், வாங்க ஆள் கிடைக்காமல், 1954இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ‘விற்பனைக்கு’ என்று வரி விளம்பரம் கொடுத்தார். அந்த நான்கில் ஒன்றில் இருந்த ஏசாயா தீர்க்கதரிசி ‘இதர பொருள்கள்’ விற்பனைப் பகுதியில் வந்தார்! பின்னால் குகைகளில் கிடைத்த ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பிரித்துக்கொண்ட பண்டிதர்கள், ஆளுக்கொரு பங்கை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெளியிடவில்லை. கேட்டால் “இன்னும் அடிக்குறிப்பு முடியவில்லை” என்ற கதை. அவர்கள் தங்களுக்குள் புழங்கச் சொல்லடைவு ஒன்று தயாரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எதற்கு முன், எதற்குப் பின் வருகிறது என்று அதில் இருக்கும். அது கைக்குக் கிடைத்ததும், அமெரிக்காவில் சின்சினாட்டியில் வாக்கோல்டர் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் அபெக் என்பவரும் கம்ப்யூட்டரை வைத்துச் சொல்லோடு சொல்லைக் கோத்து, சுருளைப் பார்க்காமலே சுருளைத் திரும்ப எழுதி 1991இல் வெளியிட்டுவிட்டார்கள். பூட்டி வைத்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. தணிக்கைக்காரர் ஒருவருக்கு இதைவிட இனிப்பான கதை உண்டா?


சயான் அக்கா:

தங்கச்சி, நான் இதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் என் சித்தப்பா இதே ரகம். தாராவியில் எங்கள் பழைய வீட்டில், மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் எல்லாரும் அரிசி மூட்டையைத் தூக்கும்போது அவர் கிரேக்க இலக்கணத்தைத் தூக்குவார். அவரோடு இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இவர்களுக்கு நீங்கள் விஷயம் தேடிக் கொடுக்க வேண்டாம். எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு வாவ் கண்டுபிடிப்பார்கள். இருவரையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரசங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். சாதாரணப் பிரசங்கம் போதாது. வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியாராக இருக்க வேண்டும். “மூல பாஷையிலே பார்ப்போமானால்” என்று ஆரம்பிப்பவராக இருந்தால் இன்னும் விசேஷம். என் சித்தப்பா அவருடைய ஜென்ம விரோதியோடு சமாதானமானது அப்படி ஒரு கூட்டத்தில்தான். பிரசங்கியார் மூல பாஷை என்று வாயெடுத்தபோது, முன் பெஞ்சில் இருந்த இவரும் பின் பெஞ்சில் இருந்த அவரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். அந்த நட்பு கடைசி வரைக்கும் நின்றது.

சீட்டு மட்டும் ஓரமாகப் பிடியுங்கள். நடுவில் எழுந்து போக வேண்டிவரும்.


ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

நானும் செருமியிருக்கிறேன்.


செம்பூர் மருமகள்:

கிறிஸ்துமஸ் வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிரேக்க மாமா தாதரில் வந்து இறங்கிய அன்று மாலையே ‘கை, கே’ தொடங்கிவிட்டது. சாக்கடல் சுருளை எடுத்துவிட்டேன். இன்ஷூரன்ஸ் அண்ணா சொன்ன கம்ப்யூட்டர் கதை மாமாவுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதே முறையில் வாவ் விவகாரத்தையும் தீர்த்துவிடலாமே என்று என் லேப்டாப்பைக் கேட்க ஆரம்பித்தார். அலுவலக லேப்டாப். கள்வர் கதை சொல்ல தைரியம் வரவில்லை.

கடைசியில் அக்கா வழிதான். எங்கள் தமிழ் ஆலயத்துக்கு அந்த ஞாயிறு ஒரு சிறப்புப் பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல் வளம், வெள்ளை ஜிப்பா. பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. நானே ஏமாற்றத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கையை உயர்த்தினார். “கிரேக்க மூல பாஷையிலே வல்லமைக்கு ‘டூனாமிஸ்’! அதிலிருந்துதான் டைனமைட்! பவுல் சொல்கிறார், உங்களுக்குள்ளே டைனமைட் இருக்கிறது!”

சபை முழுக்க அல்லேலூயா. எனக்கு இடப்பக்கம் மாமா, வலப்பக்கம் கிரேக்க மாமா. இருவர் உடம்பும் ஒரே நேரத்தில் விறைத்தது எனக்குத் தோளில் தெரிந்தது. கிரேக்க மாமா என் தலைக்கு மேலாகக் குனிந்து, “நோபல் அதற்குப் பேர் வைத்தது 1867இல்” என்றார். “பவுலுக்குத் தந்தி கொடுத்திருப்பார்” என்றார் மாமா. கிரேக்க மாமா சிரித்த சிரிப்பில் முன் பெஞ்சு அம்மா திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு ‘மூல பாஷை’க்கும் மாமா காணிக்கைக் கவரின் பின்புறத்தில் ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடும் பாக்கியத்தைக் கிரேக்க மாமாவுக்குக் கொடுத்தார். அவர்கள் நட்பில் இப்படி ஒரு விட்டுக்கொடுப்பை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் இருவரும் சேர்ந்து பிரசங்கியாருக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். பணிவான கடிதம்தான். ‘அன்பின் சகோதரருக்கு’ என்று தொடங்குகிறது. ஒரு சொல்லுக்கு அது பிறந்து பல நூற்றாண்டு கழித்து வந்த பொருளை ஏற்றிப் படிக்கக் கூடாது என்பதுதான் விஷயம். அதை ஒரு அஞ்சலட்டையில் முடித்திருக்கலாம். கட்ட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறார்கள், அடிக்குறிப்புகள் கடிதத்தைவிட நீளமாகிவிட்டன.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. கடிதம் தமிழில். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? மாமா ‘டூனாமிஸ்’ என்று எழுதினார். கிரேக்க மாமா பேனாவைப் பிடுங்கி ‘தீனமிஸ்’ என்றார். பழையபடி குரல் ஏறியது. கீழ் வீட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே வந்து, “அவருக்கு எப்படிச் சொன்னால் என்ன? அவர் சொன்ன மாதிரியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தப்பு அவருடையதாகவே இருக்கட்டும்” என்றார். இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஏட்டில் இருப்பதை இருக்கிறபடியே எழுதிவிட்டு, படிக்க வேண்டியதை ஓரத்தில் குறிப்பது மசோரேத்தியர்களின் வழக்கமாம். அத்தை ஒரு மசோரேத்தியர் என்று கிரேக்க மாமா அறிவித்தார். அத்தைக்கு அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. வெங்காயத்தோடு உள்ளே போய்விட்டார்.

இப்போதைய சிக்கல், கடிதம் முடியவில்லை என்பதால் கிரேக்க மாமா திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். கூடத்துச் சோபாவில் அவருக்கு முதுகு வலிக்கிறது. செம்பூரில் மடக்குக் கட்டில் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?


ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

கடிதத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா? அடிக்குறிப்புகளோடு. ‘தீனமிஸ்’ என்பதில் முதல் எழுத்தின் ஒலியைத் தமிழில் காட்டுவது குறித்து ஒரு சிறு கருத்து உண்டு.


பாதியில் விட்டவன்:

மடக்குக் கட்டில் என்னிடம் இருக்கிறது சகோதரி. சனிக்கிழமை முலுண்டிலிருந்து நானே கொண்டுவந்து தருகிறேன். வாடகை வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு அவர்களோடு உட்கார ஒரு இடம் கொடுத்தால் போதும். அந்த நடு வாவைப் பற்றி எனக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது.


செம்பூர் மருமகள்:

கட்டில் வேண்டாம் அண்ணா. பாய் வாங்கிக்கொள்கிறோம்.